வயிற்றோரத்துக் குழாய்

வாத்தியாரின் உணவுக்குழாயில் வந்த புற்றை வெட்டியெடுத்து, இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் ஆறி அவர் வாயால் சாப்பிடும்வரை பட்டினி கிடக்கக் கூடாதே என்று, வயிற்றின் இடப்பக்கம் துளைபோட்டுச் சிறுகுடலுக்குள் மெல்லிய குழாய் ஒன்றையும் விட்டு அனுப்பியிருந்தார்கள்.

"பெட்ரோல் டேங்க் மூடிய பக்கவாட்டுல வச்சுட்டாங்க பாரு," என்றார் வாத்தியார், வீட்டுக்கு வந்த அன்று. மனைவி சிரித்தாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்தில் தெருவுக்கே கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியும். இப்போது அந்தக் குரல் கம்மிப்போயிருந்தது.

அவள் துணி கம்பெனியில் வெட்டும் வேலை பார்ப்பவள், கை நடுங்காது. பாலாகக் கரைத்த சத்துப் பவுடரைப் பையில் ஊற்றித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக இறக்குவாள். முன்னும் பின்னும் சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவாள். ஒருமுறை மாத்திரைத் தூள் அடைத்துக்கொண்டது. அவசரப்படாமல் தண்ணீரை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்து அடைப்பை எடுத்துவிட்டாள். பிறகு குழாயைச் சுற்றிக் கசிந்து தோல் வெந்துபோனது. நர்ஸ் சொன்ன களிம்பைத் தடவித் தடவி அதையும் ஆற்றினாள். இனி எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது.

அந்த மத்தியானம் பையில் பாதி இறங்கியிருந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. வயிறு கிண்ணுனு இருக்கு."

உடனே நிறுத்தினாள். தொட்டால் வயிறு மத்தளமாக இருந்தது. வலி விட்டுவிட்டு வந்தது. வரும்போதெல்லாம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பச்சையாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், உடனே கூட்டி வரச் சொன்னார்கள். அவரிடமே ஓட்டக் கற்ற எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் குறை கண்டுபிடிக்கிற வாத்தியார் வழிநெடுக வாயே திறக்கவில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"குழாய் வைக்கிற எடத்துல குடல வயித்துச் சுவரோட சேத்துத் தைப்போம். அந்த எடத்தச் சுத்தி குடல் முறுக்கிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. இப்பவே திறந்தாகணும்."

"நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க பண்ணினதுனால வந்தது இல்ல. சில பேருக்கு இப்படி ஆயிடுது."

தப்பு என்றிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அடுத்த தடவை அதைச் செய்யாமல் இருக்கலாம். வெளி நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க, நாத்தனார் போனில் அழைத்தாள்.

"ரொம்ப வேகமா விட்டுட்டியோ?"

"இல்ல அண்ணி," என்றாள்.

கறுத்துப்போன குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து அவரைப் பிழைக்கவைத்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, குழாயை வேறு இடத்தில் மறுபடியும் வைக்க வேண்டியதாகிவிட்டது என்றார்.

"திரும்ப முறுக்காதுன்னு சொல்லுங்க டாக்டர்."

"வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"முறுக்காதுன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். "அப்படி என்னால சொல்ல முடியாதும்மா."

சில நாள் கழித்து நர்ஸ் பையைத் தொங்கவிட்டு, "நீங்கதான் பழகினவங்களாச்சே, தொறந்து விடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவள் பைக்குழாயில் இருந்த திருகுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறந்தால் பயம்; திறக்காவிட்டால் அவர் எதைக்கொண்டு தேறுவார்? கன்னத்து எலும்புகள் ஏற்கெனவே துருத்திக்கொண்டு நின்றன.

"விடு," என்றார் அவர். "நிக்காத."

திறந்தாள். முதல் சொட்டு விழுந்தது. அவர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இறுகினா சொல்லுங்க."

"சொல்றேன்," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கையை எடுக்கவில்லை.