மத்தியானமே திரும்பிய செக்

1

இப்போதெல்லாம் எவனுக்கும் பொறுமை கிடையாது. பஸ் நிற்பதற்குள் குதிக்கிறான். பேங்க்கும் அப்படி ஆகிவிட்டது. இந்தக் கதையே அதனால் வந்ததுதான். நான் குப்புசாமி. நாலாவது வரை படித்தவன், மரக்காணத்தில் வசந்தாவின் உப்பளத்துக்குக் காவல். பிழை இருந்தால் இருக்கட்டும்.

2

'கடலோரம் உப்பு வெள்ளை வெளேரென்று மின்ன...'

வேண்டாம். மின்னினால் கண்தான் எரியும்.

இப்படி ஆரம்பிக்கிறேன். வசந்தா லோடு ஏற்றுவாள். வியாபாரி சகாயராஜ் செக் கொடுப்பான். அன்றைக்கு அவன் கணக்கில் பணம் இருக்காது, இருவருக்கும் தெரியும். செக் போய்ச்சேர ரெண்டு நாள் ஆகும். அதற்குள் சென்னையில் உப்பை விற்றுப் பணம் கட்டிவிடுவான். அந்தத் தைரியத்தில் அவளும் வாங்கிய கையோடு பேங்க்கில் போடுவாள். ஒன்பது வருஷ வழக்கம்.

(சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

3

செவ்வாய்க்கிழமை காலையில் போட்டாள். பணமில்லை என்று மத்தியானமே திரும்பிவிட்டது.

"இப்பல்லாம் அன்னன்னிக்கே முடிஞ்சிடும்க்கா, முறைய மாத்திட்டாங்க" என்றாள் பேங்க்கில் இருக்கும் வினோதினி.

"யாரக் கேட்டு மாத்துனாங்க?" என்றேன்.

"மெசேஜ் வந்திருக்குமே தாத்தா."

வந்தது. எனக்கு லாட்டரி விழுந்ததாகவும்தான் வந்தது.

4

வெள்ளிக்கிழமை சகாயராஜ் மறுபடி லாரியோடு வந்து நின்றான்.

"ரெண்டு நாள் பொறுத்துப் போட்டிருக்கக் கூடாதாக்கா?"

"எப்பவும் போடற மாதிரிதானேடா போட்டேன்! செவ்வாக்கெழம உப்ப வித்த காசு எங்க? நாளைக்கு பன்னெண்டு பேருக்குக் கூலி குடுக்கணும்."

"சென்னைப் பார்ட்டி குடுத்த செக்கும் திரும்பிடுச்சுக்கா. இந்த லோடையும் ஏத்திவுடு, ரெண்டுக்கும் சேத்துக் குடுத்துடறேன்."

'அவன் முகத்தில் உண்மை தெரி...'

அடித்துவிட்டேன். முகத்தில் என்ன தெரியும்? முறை மாறியது வியாபாரிக்குத் தெரியாதா? இல்லை, சென்னைக்காரனும் அதே ரெண்டு நாளை நம்பியிருந்தானா?

5

ஒரு முடிவு: வக்கீல் நோட்டீஸ். கேஸ் நடக்கும், குவித்த உப்பு மழையில் கரையும். அவளிடம் வாங்க வேறு ஆள் இல்லை.

இன்னொரு முடிவு: லோடு ஏற்றுகிறாள். மறுநாள் அவன் கட்டுக்கட்டாகப் பணம்...

எனக்குக் கை வரவில்லை.

"ஏத்தலாமா பெரியப்பா? நீ சொல்லு" என்றாள் வசந்தா. கூலியாட்கள் கூடையோடு நின்றார்கள். கிழக்கே மேகம் கறுத்திருந்தது.

சொன்னால் பழி என் தலையில். நீங்கள் படித்தவர்கள், நீங்களே சொல்லுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வரப்போடு நடந்தேன்.

"மாதா மேல சத்தியம்க்கா!" பின்னால் சகாயராஜின் குரல்.

செக்கிலும்தான் கையெழுத்துப் போட்டிருந்தான்.