காய்ச்சல் வயலில் இருபத்தோராம் வரிசை

ஆவூருக்கு மேற்கே எங்கள் பருத்தி ஆராய்ச்சிக்கு இரண்டு வயல்கள். வாரந்தோறும் தண்ணீர் பாய்வது பாய்ச்சல் வயல். பூவெடுத்த நாளிலிருந்து சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாதது காய்ச்சல் வயல். செழிப்பில் தாய்ச்செடி காட்டும் குணம் வறட்சியில் பிள்ளைகளிடமும் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தண்ணீர் ஊற்றாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதையும் கெடுத்தேன். முதல் வருடம், வாடிய செடி ஒன்றுக்கு என் பாட்டிலைக் கவிழ்த்தேன். பக்கத்துச் செடி என்ன பாவம் செய்தது என்று அதற்கும். மூன்றாம் நாள் குடத்தோடு பிடிபட்டேன். அந்த வருட ஆய்வு முழுதும் குப்பைக்குப் போனது.

போன வருடம் விதைக்குச் செடி பொறுக்கினோம். பெண் பார்க்கப் போனவனைப் போல, பாய்ச்சல் வயலில் உயரமும் தளதளப்புமாக இருபது செடிகளை எடுத்தேன். பூக்களுக்கு மகரந்தம் தொட்டு வைக்கும் ஜெயராணி அக்கா, காய்ச்சல் வயலில் ஒரு குட்டைச் செடியைக் காட்டினார். முழங்கால் உயரம், இலையெங்கும் சுணைமுடி, பதினொரு காய்.

"இதையும் எடுங்க சார்."

"அக்கா, இதுக்கு ரத்தசோகை."

"நீங்க மட்டும் ஆணழகனாக்கும்? ஒங்களுக்கும் ஒருத்தி கெடச்சால்ல?"

அதற்கும் இருபத்தொன்று என்று எண் எழுதினேன்.

இந்த வருடம் அத்தனை விதையையும் இரண்டு வயலிலும் வரிசை வரிசையாகப் போட்டோம். காய்ச்சல் வயலில் ஒன்றும் தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக, தலைமை விஞ்ஞானி பிரகதீஸ்வரி மேடம் சொல்லியிருந்தார். மூடினால் எனக்கும், அக்காவையும் சேர்த்து வயலில் வேலை பார்க்கும் ஆறு பெண்களுக்கும் வேலையில்லை.

பாய்ச்சல் வயலில் என் செல்லங்கள் ராஜநடை போட்டன. காய்ச்சல் வயலிலோ, தண்ணீர் நிறுத்திய நாற்பது நாளில் மொட்டுகளையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தலை தொங்கின. தாய்களின் தளதளப்பு தண்ணீரால் வந்தது, வித்தால் அல்ல. இருபத்தோராம் வரிசையில் மட்டும், முப்பது செடியில் இருபத்தாறு செடிகள் காயோடு நிமிர்ந்து நின்றன.

பார்வையிட வந்த மேடம் வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அமல்ராஜ், எத்தன குடம்?"

"மாதா மேல சத்தியமா இல்ல மேடம்."

"அந்தத் தடவையும் மாதாவத்தான் கூப்பிட்டீங்க."

அக்கா மம்பட்டியை எடுத்தார். "சார விடுங்க மேடம். மண்ண வெட்டிப் பாருங்க."

ஒரு முழம் வெட்டியும் ஈரமில்லை. மண் மாவாக உதிர்ந்தது. ஆணிவேர் இன்னும் கீழே போனது. நான் பொறுக்கிய செடியின் வரிசை ஒன்றிலும் வெட்டினோம். வேர் ஒரு சாணோடு திரும்பிப் பக்கவாட்டில் படர்ந்திருந்தது. இருபத்தொன்றில் இன்னும் இரண்டு செடி வெட்டினோம். இடுப்பளவு குழியிலும் வேருக்கு முடிவில்லை. மேடம் தானே குழிக்குள் இறங்கித் துழாவினார். ஏறி வந்தபோது சேலையெல்லாம் செம்மண், முகமெல்லாம் சிரிப்பு.

"தாய்க்கு இருந்தது புள்ளைகளுக்கும் வந்திருக்கு! மூடுறதாவது? அடுத்த வருஷம் மணமேல்குடிப் பக்கமும் போடுறோம். யாரு பொறுக்கின செடி?"

'நான்' என்ற சொல் உதடுவரை வந்தது. மம்பட்டி அக்கா கையில் இருந்தது.

"ஜெயராணி அக்கா."

"அப்ப இனி அவங்களே பொறுக்கட்டும். நீங்க நோட்டு எழுதுங்க."

"புரியிற மாதிரி எழுதுங்க சார்," என்ற அக்கா, குழியோரத்தில் நின்று குலவையிட்டார். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் குலவையிடுவதில்லை. நானும் இட்டேன். வரப்பிலிருந்த காக்கைகள் அத்தனையும் பறந்துவிட்டன.