வலப்பக்கம் காட்டிய பலகை

ஜூலை பிறந்தால் கடற்கரையில் துண்டு விரிக்க இடம் இருக்காது. இடம் கிடைக்காத கூட்டம் காரை எடுத்துக்கொண்டு எங்கள் மலைக்கு ஏறிவிடும். எல்லோரும் தேடி வருவது ஆறு வளைகிற இடத்தில் இருக்கும் மடுவைத்தான். நான் நீச்சல் பழகிய மடு. அதில் உடம்பு எண்ணெயை மிதக்கவிட்டு, முலாம்பழத் தோலைக் கரையில் வீசிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் ஆறு வருஷமாக ஒரு காரியம் செய்துவந்தேன். என் திராட்சைத் தோட்டத்தின் ஓரமாகப் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே மடுவுக்கு வழிகாட்டும் மஞ்சள் பலகை ஒற்றைத் திருகாணியில் நிற்கிறது. ஜூலை முதல் தேதி, இடப்பக்கம் காட்டுவதை வலப்பக்கம் திருப்பிவிடுவேன். செப்டம்பரில் பழையபடி வைப்பேன். வலப்பக்கப் பாதை நிழலே இல்லாத பாறைமேட்டுக்குப் போகும். வந்தவர்கள் அரைமணி நேரம் வெந்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்புவார்கள். கொடிகளுக்கு நடுவே நின்று நான் சிரித்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, கஃபே நடத்தும் என் கூட்டாளி கஸ்தோனிடம்கூட.

போன ஜூலையில் ஒரு ஜோடி திரும்பவில்லை.

வடக்கே லீல் நகரத்துப் பக்கத்துக்காரர்கள். கஸ்தோன் வீட்டு மாடியில் ஒரு வாரம் தங்க வந்திருந்தார்கள். ஒதீல் அம்மாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தெட்டு வயது. கணவர் ரெமி கனத்த உடம்புக்காரர். காலையில் போனவர்களை மூன்று மணியாகியும் காணோம் என்று கஸ்தோன் வந்து சொன்னான். தீயணைப்புக்காரர்கள் மடுவுக்கு ஓடினார்கள். நான் நேரே பாறைமேட்டுக்கு ஓடினேன். ரெமி நினைவில்லாமல் கிடந்தார். அந்த அம்மாள் தன் மேல்சட்டையை அவர் முகத்துக்கு நிழலாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கையை இறக்கவே இல்லை.

ஆள் பிழைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பலகையை நான் சரியாகத் திருப்பிவிட்டேன். மறுநாள் போலீஸ் வந்து பார்த்தபோது அது மடுவைத்தான் காட்டியது. ஊர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. உனக்கு மட்டும் எப்படிடா மூக்கில் வேர்த்தது என்று கேட்டபடி கஸ்தோன் எனக்குப் பஸ்தீஸ் மது ஊற்றினான். வெட்கமில்லாமல் குடித்தேன்.

இந்த ஜூனில் ஒதீல் அம்மாள் தனியாக வந்தார், பஸ்ஸில். எனக்காக ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். கார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாவியை மகள்கள் வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

"போர்டு வலப்பக்கம் காட்டுச்சுன்னுதான் எனக்கு ஞாபகம்," என்றார். "போலீஸ் இல்லேங்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் போர்டைப் பாக்கவே இல்ல, என் பின்னாலதான் வந்தார். முப்பத்தஞ்சு வருஷம் கணக்குச் சொல்லிக்குடுத்த மூளை, பாருங்க. டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலையாம், ஆனா ஆரம்பத்துல தெரியாதுங்கிறா என் மக. செப்டம்பர்ல மறதிக்காரங்க விடுதியில சேத்துடுவாங்க. நானே கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னொரு தடவை அவரைக் கொல்லப் பாக்கக் கூடாதில்லையா? அதுக்கு முந்தி, நினைவு இருக்கறப்பவே, உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் அவர் புருஷனை மட்டும் வெயிலில் போடவில்லை. இந்த மனுஷியின் புத்தியையே திருடியிருக்கிறேன்.

"அம்மா, நீங்க சரியாத்தான் படிச்சீங்க," என்றேன். "திருப்பி வெச்சது நான். அன்னிக்குச் சாயங்காலமே பழையபடி மாத்தினதும் நான்தான்."

அறைவார் என்று நின்றேன். அவர் டப்பாவை மெல்லத் தரையில் வைத்தார்.

"நான் சரியாத்தான் படிச்சேனா?"

"ஆமா."

மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அது நிம்மதியில் வந்த அழுகை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "நான் இன்னிக்கு வராம இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, யாருகிட்டயும் சொல்லாம எங்க போய்த் தொலைஞ்சே?" என்றது ஒரு பெண்குரல்.

ஒதீல் அம்மாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார். அவர் கை இறங்கவே இல்லை. நான் என் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன்.