மூன்றாவது படியில் பனிக்கட்டி

அமெரிக்காவின் வடகோடிக் குளிர் ஊரான துலூத்தில் பதினொரு வருடமாக வெர்லினுடைய வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கூரை ஓரத்துத் தகரக் குழாய் ஒழுகி, மூன்றாவது படியில் தண்ணீர் உறைந்து கிடந்தது. பிப்ரவரியில் அதில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது; பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் போயிற்று. ஒழுகல் வெர்லினுக்கு முன்பே தெரியும் என்று நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும் என்றாள் என் வக்கீல் மார்னா.

“எழுதிக் குடுத்தீங்களா, ஆர்லிஸ்?”

“அதெல்லாம் எங்க வழக்கமில்ல. நவம்பர்ல அவர் வீட்டு தேங்க்ஸ்கிவிங் விருந்துல, உருளைக்கிழங்குக் கிண்ணத்த நீட்டிக்கிட்டே அவர்கிட்ட சொன்னேன். அவசரமில்லன்னும் சொன்னேன்.”

“யாரு சாட்சி?”

“உருளைக்கிழங்குதான்.”

மார்னா சிரிக்கவில்லை.

வாக்குமூலம் எடுத்த அறையில் வெர்லின் எனக்கு எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. மாத்திரையாலோ மனதாலோ, ஐந்து மாதமாக இப்படித்தான் மரத்துப் போயிருக்கிறேன்.

அவருடைய வக்கீல் ஆரம்பித்தார்.

“விழுந்து கிடக்கும்போது, ‘மன்னிச்சிடுங்க வெர்லின், என் தப்புதான்’னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

மார்னாவின் பேனா நின்றது. எங்கள் ஊரில் ஒருவர் நம் காலை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பது நாம்தான். சிகாகோவிலிருந்து வந்த அவளுக்கு அது எங்கே புரியப்போகிறது?

“சுயநினைவோடதான் சொன்னீங்க?”

“ஆமா. அவர் வெறும் காலுறையோட பனியில நின்னுக்கிட்டிருந்தார். பாத்தா பாவமா இருந்துச்சு.”

வக்கீலுக்கு முகமெல்லாம் பல். “என் கட்சிக்காரரும் அத ஒத்துக்கிட்டாரா?”

“இல்லையே. ‘உங்க தப்பு இல்ல ஆர்லிஸ், நீங்க விருந்தன்னைக்கே சொன்னீங்க, நான்தான் விட்டுட்டேன்’னார்.”

வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் அதையும் தட்டச்சு செய்தார்.

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று மார்னா என் காதருகே பல்லைக் கடித்தாள்.

“அவரும் சும்மா மரியாதைக்குச் சொல்றார்னு நெனச்சேன்.”

இடைவேளை வேண்டும் என்று அவருடைய வக்கீல் அவசரமாக எழுந்து, வெர்லினின் முழங்கையைப் பிடித்தார். “நீங்க ஒண்ணும் பேச வேணாம்.”

வெர்லின் என்னையே பார்த்தார். “நான் மரியாதைக்குச் சொல்லல, ஆர்லிஸ்.”

வழக்குக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. இனி அவர் வீட்டு விருந்து மேசையில் எனக்கு நாற்காலி கிடையாது என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்தது. அழுகை வந்திருக்க வேண்டும்; வரவில்லை. மார்னா நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.