ஓனரை மாத்தணும்

நம்பிக்கைதான் ஒரு நிறுவனத்தின் முதுகெலும்பு. இந்த வாசகம் ஊழியர்கள் உட்காரும் கூடத்தில் பொன்னெழுத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. சட்டத்துக்கு மேல் ஒரு கேமரா. கேமராவுக்குள் ஒரு மைக். மைக்கின் மறுமுனை, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், முதலாளியின் காதில்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி அது. முதலாளியை எல்லோரும் ஓனர் என்றார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான். அவருடைய மாப்பிள்ளை விற்பனைப் பிரிவில் வந்து சேர்ந்ததிலிருந்து எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லாமல் ஒருவன் எதற்குச் சிரிக்கிறான்? கம்பெனியை வளைத்துப்போடப் பார்க்கிறான் என்று ஓனர் முடிவுகட்டிவிட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத அலுவலகத்துக்கு வந்து சர்வரைக் குடைந்தார். ஒரு பெரிய ஃபோல்டரையே வெளியே எடுத்து, மாப்பிள்ளை எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று துழாவிவிட்டு, எடுத்த சுவடு தெரியாமல் திரும்ப வைத்தார். ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

மறுநாள் காலை ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் புதிய பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது. டாக்டர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குவதற்குள் ஓடவில்லை என்றால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் சர்வரக்கா என்பார்கள். அவர் ஏற்றினார். செயலி எழுந்தது, உடனே படுத்தது. ‘அனுமதி இல்லை’ என்று ஒரே ஒரு வரி.

சர்வரில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்தச் செயலியின் கணக்குக்கு சர்வரக்கா ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். ஒவ்வொரு கோப்பும் ஏதாவது ஒரு கணக்கின் பெயரில் இருக்கும். அந்தக் கணக்குதான் கோப்பின் ஓனர். கூடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டும் தெரியாது.

“மாப்பிள்ளைக்கு என்னக்கா ஆச்சு?” என்றார் நொட்டை. பிழை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். பெயர் அதனால் வந்தது.

“உள்ள வர முடியுது. பாக்க முடியுது. எதுலயும் கை வெக்க முடியல.”

“ஏன், எல்லாம் யார் பேர்ல இருக்கு?”

“நம்ம முதலாளி பேர்ல. வெள்ளிக்கிழமை இப்படி இல்லயே.”

“அவருக்கு எதுக்கு இதெல்லாம்? பேசாம ஓனரை மாத்திடுங்க.”

“மாத்தணும். மொத்தத்தையும் மாப்பிள்ளை பேருக்கு எழுதிட்டா ஓட ஆரம்பிச்சிடும்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை?”

“சொன்னா நூறு கேள்வி கேப்பார். ஒரு வரிதான், சத்தமில்லாம முடிச்சிடலாம்.”

ஓனர் இயர்ஃபோனைக் கழற்றினார். நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, தன்னைத் தவிர எல்லோருடைய அனுமதியையும் ஒரே பொத்தானில் பிடுங்கினார். பிறகு மாப்பிள்ளையை வரச் சொன்னார். எவ்வளவு கொதித்தாலும் மரியாதை குறையக்கூடாதே.

“உக்காருங்க மாப்பிள்ளை. என் பேர்ல இருக்கறதெல்லாம் உங்க பேருக்கு மாறப்போகுதாமே.”

மாப்பிள்ளை சிரித்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா.”

“முதல்ல சிரிக்கறத நிறுத்துங்க.”

“மூஞ்சியே இப்படித்தான் மாமா. உங்க பொண்ணும் இதத்தான் சொல்றா.”

கதவைத் தட்டிக்கொண்டு சர்வரக்கா வந்தார். “சார், ஓனரை மாத்தற நேரத்துல என் கணக்கு முடங்கிப்போச்சு.”

“என் முகத்துக்கு நேராவே சொல்றீங்களா?”

“கோப்போட ஓனர் சார். ஞாயித்துக்கிழமை யாரோ ஃபோல்டரை வெளிய எடுத்துத் திரும்ப வெச்சிருக்காங்க. வெச்சவங்க பேர் அதுல ஒட்டிக்கும்.” கொஞ்சம் தயங்கினார். “உங்க பேர் ஒட்டியிருக்கு.”

“அப்ப, மாப்பிள்ளைங்கறது?”

“செயலியோட கணக்கு சார். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, கேட்டதெல்லாம் கையில குடுத்தாத்தான் வேலை செய்யும். வேற பேர் தோணல.” அப்போதுதான் நாற்காலியில் இருந்தவரைக் கவனித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார்.”

“பேர் பொருத்தமாத்தான் இருக்கு,” என்றார் மாப்பிள்ளை.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி வரவேற்பாளர். “எல்லாருக்கும் கண்ணுல சொட்டு மருந்து விட்டாச்சு. யார் முன்னாடி வந்தாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லமாட்டேங்குது. அவங்களுக்கும் கண்ணு தெரியல. சீக்கிரம் பண்ணுங்க.”

பிடுங்கிய அனுமதியை அன்றே திருப்பித் தர வழியில்லை. ஒருநாள் காத்திருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதி இருந்தது. விதியை எழுதியவர் ஓனர். ஆகவே சர்வருக்குள் போகக்கூடிய ஒரே ஆள் அவர்தான். சர்வரக்கா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். கடைசியில் விரலை அந்தரத்தில் நிறுத்தி, மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“பின்னால என் பேருக்கே திருப்பி மாத்திக்கலாம்ல?”

“எப்ப வேணாலும் சார்.”

எல்லாவற்றையும் மாப்பிள்ளை பேருக்கு எழுதிவைக்கும் அந்த வரியை ஓனரே அடித்து முடித்தார். ‘மாப்பிள்ளை’யில் எழுத்துப் பிழை இருந்ததால் இன்னொரு தடவையும் அடிக்க வேண்டியிருந்தது.