யெர்கின் பார்க்காத குதிரை

யெர்கின் அந்தக் குதிரையைப் பார்க்கவில்லை.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. கப்சகாய் ஏரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் அவன் சைக்கிளில் முன்னால் போக, நான் தண்ணீர் பாட்டில்களோடும் உப்புத் தயிர் உருண்டைகளோடும் காரில் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். இடதுபுறப் புல்வெளியிலிருந்து ஒரு செம்பழுப்புக் குதிரை நிதானமாகச் சாலையில் ஏறியது. எனக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் குதிரைதான் மிரண்டு பின்வாங்கியது. அதன் மூக்குக்கும் அவன் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

பத்து கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"எதுக்கு அப்படி ஹாரன் அடிச்ச? கல்யாண ஊர்வலமா போறோம்?"

"குதிரைய பாத்தியா?"

"எந்தக் குதிரை?"

நான் பாட்டிலை நீட்டினேன். அவன் கை அதைத் தேடிக் காற்றில் ஒருமுறை துழாவியது. நான் அதை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

என் மாமனாருக்கு, யெர்கினின் அப்பாவுக்கு, ஐம்பது வயதில் பார்வை முழுதாகப் போனது. முதலில் இருட்டில் தெரியவில்லை, பிறகு பக்கவாட்டில் தெரியவில்லை, பிறகு நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கடைசி ஆறு வருடம் அவருக்குச் சோறு ஊட்டியவள் நான். அதனால் யெர்கினின் முழங்காலில் கதவு இடித்த காயங்களை, "பெடல் இடிச்சிருச்சு" என்று அவன் சொன்ன நாளிலிருந்தே எனக்குத் தெரியும். மேசையில் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றியபோதும் தெரியும். அவன் நில அளவையாளன். கருவிக்குள் கண்ணை வைத்தால் நேரே இருப்பதை மயிரிழை பிசகாமல் சொல்வான். அதுவே அவனுக்கு வசதியாகப் போயிற்று. வேலையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போன வருடம் அவனுக்கு நாற்பத்து நான்கு வயது முடிந்தபோதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஏரியில் மூன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீச்சல், கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். அதுவரை பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனிதன். ஓய்வு பெற்ற பந்தயக்காரர் ஒருவரிடம் பழைய அலுமினிய சைக்கிள் ஒன்றை வாங்கினான். குளிர்காலம் முழுக்க வரவேற்பறையில் உருளைகளின்மேல் அதை ஏற்றி மிதித்தான். கீழ்வீட்டுக்காரி வந்து, "உங்க வீட்டுல என்ன, மாவு மில்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். விடியற்காலையில் நீச்சல் குளம். சனிக்கிழமைகளில் செயினைக் கழற்றி, கண்ணி கண்ணியாகத் துடைத்து, உருக்கிய மெழுகில் முக்கினான். இருக்கையை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றுவான், இறக்குவான். மிதித்துக்கொண்டே சாப்பிடப் பழகினான். முதல் பேரீச்சம்பழம் தொண்டையில் சிக்கிச் செத்துப் பிழைத்தான்.

போட்டிக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். நேராக மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தானாம். பக்கத்தில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தான். தினமும் பால் எடுக்கும்போது அந்தப் பொய்யை நான் பார்த்தேன்.

குதிரைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் லாரி வந்தது, மாடு வந்தது, குறுக்கே ஓடும் குழந்தை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? 'நீ குருடாகிக்கொண்டிருக்கிறாய்' என்று முதலில் சொன்ன வாய் என் வாயாகிவிடும். அது என்னால் முடியவில்லை.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, அவன் அலுவலகம் போன ஒரு மதியம், பால்கனியில் சாய்த்திருந்த சைக்கிளைக் கீழே கிடத்தினேன். பின்சக்கரத்தின் ஓரத்தில் கியர் மாற்றியைத் தாங்கும் விரல் நீளத் துண்டு ஒன்று உண்டு. "இது ஒண்ணு உடைஞ்சா வண்டி நகராது" என்று அவனேதான் எனக்குக் காட்டியிருந்தான். குளிர்கால பூட்ஸை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி மிதித்தேன். முதல் மிதியில் வளைந்தது. மூன்றாவதில் முறிந்தது. உள்ளே போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"காத்துல விழுந்துருச்சு போல," என்றேன் அவன் வந்ததும்.

அவன் உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். அடுத்த நாள் மெக்கானிக் வாதிமிடம் போனோம். ரஷ்யக் கிழவர், கைவிரல் பத்திலும் கிரீஸ். யெர்கினை மரியாதையாக 'யெரேகே' என்றுதான் கூப்பிடுவார்.

"யெரேகே, இந்த வண்டி செஞ்ச கம்பெனியே செத்துப் பத்து வருஷமாச்சு. இந்தத் துண்டுக்கு நான் எங்க போவேன், கல்லறையையா தோண்டுவேன்?"

பிஷ்கெக்குக்குப் போன் போட்டார், தாஷ்கண்டுக்குப் போன் போட்டார். எங்கும் இல்லை. எனக்குள் ஒரு கேடுகெட்ட நிம்மதி வந்தது. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. யெர்கின் ஒரு அலுமினியப் பலகையும் அரமும் வாங்கி வந்து சமையல் மேசையில் உட்கார்ந்துவிட்டான்.

நான்கு நாள் அறுத்தான், ராவினான். உடைந்த துண்டை இடது கையில் வைத்துத் தடவுவான், வலது கையில் இருப்பதைத் தடவுவான். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். அரம் இருக்கும் இடம் தெரியாமல் மேசை முழுக்கக் கை போகும், அது முழங்கையருகே கிடக்கும். நான்காம் நாள் அரம் நழுவிக் கட்டைவிரலைக் கிழித்தது. துணி சுற்றக் குனிந்தேன்.

"விடு," என்றான். "நேரமில்ல."

"அடுத்த வருஷம் போயேன்."

"எனக்கு அடுத்த வருஷம் கிடையாது, ரௌஷன்."

அவ்வளவுதான் சொன்னான். அந்த விரலை என் கைக்குள் வைத்துக்கொண்டே நான் சொல்லிவிட்டேன். "காத்து இல்ல. நான்தான் மிதிச்சு உடைச்சேன்."

அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

"நீயா?"

"குதிரை உன்ன இடிக்க வந்துச்சு. நீ பாக்கல. உன்ன சாலையிலேர்ந்து அள்ளி எடுக்க என்னால முடியாது."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊற்றி வைத்த தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது. மூன்றாம் நாள் வாதிமிடம் போய்த் துண்டில் திருகாணி ஏறும் புரி போட்டுக்கொண்டு வந்து பூட்டினான். கியர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"போட்டி அன்னிக்கு சாலைய அடைச்சிருப்பாங்க. குதிரை வராது, லாரி வராது. இந்த ஒரு நாள் மட்டும் என்ன விட்ரு. அப்புறம் நீ சொல்ற மாதிரி."

விட்டேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஏரியில் காற்று கிளம்பியிருந்தது. முந்நூறு பேர் ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கினார்கள். குதிரையைப் பார்த்த நாளிலிருந்து நான் சைக்கிளை நினைத்துத்தான் செத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நினைக்கவே இல்லை. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே நீந்துவான். ஏரியில் கோடு ஏது? நூறு மீட்டருக்கு ஒரு ஆரஞ்சு மிதவை. அதைத் தலைதூக்கிப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். அலைக்கு நடுவே, ஒரு நாணயம் அளவுப் பார்வையை வைத்துக்கொண்டு எங்கே தேடுவான்?

கூட்டம் வலப்பக்கம் திரும்பியது. ஒரு பச்சைத் தொப்பி மட்டும், அவனுடையது, நேரே, நடு ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. படகில் ஒருவன் துடுப்பைத் தட்டிக் கத்தி அதைத் திருப்பினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகியது. மறுபடி திருப்பினான். ஐந்து முறை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணும் தெம்பு இல்லை.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்குள் கரையேற வேண்டும். அவன் ஏறியபோது இரண்டு மணி இருபத்துமூன்று. தள்ளாடி வந்தான், உதடு நீலம் பாரித்திருந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் முந்நூறு வண்டிகள் இருந்த இடத்தில் அவன் வண்டி ஒன்றுதான் நின்றது. நேராக அதை நோக்கி ஓடினான். நடுவன் ஒருவன் நுழைவாயிலில் கயிற்றைக் குறுக்கே இழுத்துப் பிடித்தான். முப்பது வயதுகூட இருக்காது. யெர்கினை அண்ணனாக்கி 'அகா' என்று கூப்பிட்டான்.

"அகா, மன்னிச்சிருங்க. நேரம் முடிஞ்சிருச்சு. கால்ல கட்டியிருக்கற நேரம் குறிக்கற சிப்ப குடுத்திருங்க."

"மூணு நிமிஷம்தானேப்பா. சைக்கிள்ல புடிச்சிருவேன்."

"விதி அகா. என் கையில இல்ல."

"ஒரு வருஷம் உழைச்சிருக்கேன்."

"எல்லாரும்தான் அகா."

யெர்கின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதே என்று கத்த வாயெடுத்தேன்.

"தம்பி, எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. பக்கத்துல எதுவும் தெரியல. அதான் தண்ணியில வழி தவறிட்டேன். அடுத்த வருஷம் இதுவும் இருக்காது. இந்த ஒரு தடவ விட்ரு."

வாழ்நாளில் முதல் முறையாக அதைச் சத்தமாகச் சொன்னான், என்னிடம்கூட அல்ல, முன்பின் தெரியாதவனிடம்.

நடுவனின் முகம் மாறியது. கண் கலங்கியது. ஆனால் கயிறு இறங்கவில்லை.

"இத நீங்க சொல்லாம இருந்திருந்தா, மேல இருக்கறவங்க கிட்ட மூணு நிமிஷத்துக்குக் கேட்டுப் பாத்திருப்பேன் அகா. இப்ப எப்படி உங்கள வண்டியில ஏத்துவேன்? சொல்லுங்க."

யெர்கின் குனிந்து கணுக்காலிலிருந்து சிப்பை அவிழ்த்தான். பட்டை ஒட்டிக்கொண்டு வரவில்லை. நடுவன் மண்டியிட்டு அவிழ்த்துக்கொடுத்தான். பிறகு யெர்கின் ஈர உடையோடு வெறும் மண்ணில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. நான் அவன் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடுவான் என்று பயந்தேன். தட்டிவிடவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். வரமாட்டேன் என்றான். மதியம் ஓட்டக்காரர்கள் வரத் தொடங்கியதும் எழுந்து, தண்ணீர் கொடுக்கும் மேசையருகே போய் நின்றான். ஏரிக்கரைப் பாதை ஒடுக்கமானது. எல்லோரும் அவனுக்கு நேர் எதிரேதான் வந்தார்கள். அவனுக்கு எல்லோரும் தெரிந்தார்கள். ஐந்து மணி நேரம் கோப்பைகளை நீட்டிக்கொண்டே நின்றான். நான் தர்பூசணி வெட்டிக் கொடுத்தேன்.

"நூத்திப் பன்னெண்டு, வாடா வாடா! உன் மாமியார் துரத்துறாளா? இன்னும் ஒம்பது கிலோமீட்டர்தான்!"

உப்பு வெளுத்த முகத்தோடு வந்த ஒருவன் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். யெர்கின் அவன் தலையில் தண்ணீரை ஊற்றினான். திரும்பும்போது அவன் கண்ணும் நனைந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. மேசை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"போலாமா? வெளிச்சம் இருக்கறப்பவே."

"வா."

"நாளைக்குக் கண் டாக்டருக்கு நீயே போன் பண்ணு. இன்னிக்கு ஒரு தடவ சொன்னதே போதும். இன்னொரு தடவ என் வாயால வராது."