கொக்கியில் தொங்கிய அட்டை

கழுத்திலிருந்து நூலக ஊழியர் அடையாள அட்டையைக் கழற்றும்போதே அண்ணியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அரை மணி நேரம்தான். மாட்டிக்கிட்டா என் வேலைக்கு வேட்டு. உங்க அண்ணன் வீட்டுல சும்மா உக்காந்திருக்கறது தெரியும்ல?"

"தெரியும் அண்ணி. ஒரே ஒரு பக்கம். பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

அட்டையைக் கேட்டு வந்தவளுடைய இத்தனை வருட ஆராய்ச்சியும் அந்த ஒரு பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இடைக்காலக் கொள்ளைநோய் ஒன்றின்போது ஒரு கன்னிமாடத்தை வெளியிலிருந்து பூட்டினார்கள். உள்ளே நோயில்லாதவர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தி பிரார்த்தனைச் சுவடியின் ஓரத்தில் கிறுக்கிய லத்தீன் வரிகளே அதற்குச் சாட்சி என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். பல்கலைக்கழக நூலகம் சுவடியைப் படமெடுத்துக் கொடுத்த சுருளில் அந்த ஓரம் கறுத்துக் கிடந்தது. பாதியைப் படித்தாள், மீதியை ஊகித்தாள். இட்டுக்கட்டியது என்று தேர்வாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மூலச் சுவடியைக் கேட்கலாம் என்றால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிட்டது. நாளையிலிருந்து நூலகத்துக்கு நீண்ட விடுமுறை. அது முடிவதற்குள் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிடும்.

மூலச் சுவடிகள் இருக்கும் நிலவறையின் காவலரை நூலகத்தில் எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே போகிறவர்கள் வாசல் கொக்கியில் அட்டையை மாட்ட வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கி காலியென்றால் உள்ளே ஈ காக்கா இல்லை என்று அடித்துச் சொல்வார் மனிதர். அவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அண்ணியின் அட்டையை மாட்டிவிட்டு நுழைந்தாள். கைப்பேசி மேல்மாடிப் பெட்டகத்தில் இருந்தது. திறந்து கிடந்த கனத்த இரும்புக் கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது.

கடைசி வரிசையில் சுவடி அகப்பட்டது. ஓரத்து மை பழுப்பேறியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தாள்.

'கதவைத் தட்டிக் கத்தினோம். எங்கள் குரல் அவர்களுக்குக் கேட்டது. அவர்கள் ஒரு கணம் நின்றதிலிருந்து தெரிந்தது.'

ஊகித்ததைவிடப் பெரிய சாட்சி. தாளில் பென்சிலால் பாதி பிரதி எடுத்திருப்பாள், வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

"என்னம்மா, அட்டைய இங்கயே மாட்டிட்டுப் போயிட்ட?" கொக்கிதான்.

"மறந்துட்டேன் அண்ணா. இது இல்லாம வெளிய போக கேட்டு திறக்காதே." அண்ணியின் குரல்.

"அப்ப உள்ள யாரும் இல்லையே?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அண்ணி வீட்டு அடுப்பில் மண். அண்ணி கெட்டிக்காரி, ஏதாவது சாக்குச் சொல்லிக் கிழவரை அந்தப் பக்கம் அனுப்பிவிடுவாள் என்று நம்பினாள்.

"இல்ல அண்ணா."

விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்தன. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வேலையாவது ஒன்றாவது என்று இருட்டில் தடுமாறி ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"அண்ணி! நான் உள்ள இருக்கேன் அண்ணி!"

பாதி திரும்பிய சாவி நின்றது.

"என்னம்மா, ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இல்ல?"



"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணா."

சாவி முழுதாகத் திரும்பியது.